மூன்று வீட்டுக்கும் ஒரே குழாய்

குழிக்குள் இறங்கி, அடைத்திருந்த சாக்கடைக் குழாயிலிருந்து அவன் இழுத்துப் போட்ட வெட் வைப்ஸ் ஈரத்துடைப்பான்கள், கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தன. மூன்று வீட்டுக்கும் ஒரே குழாய்.

"நாங்க அதை வாங்கறதே இல்ல," என்றாள் முதல் வீட்டம்மா.

"இங்க கைக்குழந்தையும் இல்ல, நோயாளியும் இல்ல. உனக்கே தெரியுமேப்பா," என்றார் இரண்டாம் வீட்டுக்காரர்.

மூன்றாவது வீட்டுக் கதவை அவன் தட்டவில்லை. கை கழுவி, பையிலிருந்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தன் சாவியால் திறந்தான்.

"வைப்ஸைக் கூடையில போடச் சொன்னேனேப்பா. வெளியே அடைச்சுக்கிச்சாம்."

"கூடையில போட்டா மருமகதானே அள்ளணும்?" வாக்கரைப் பிடித்தபடி கழிப்பறையிலிருந்து வந்தார் அப்பா. "முப்பது வருஷம் அந்தக் குழியில இறங்கினவன்டா நான். நம்ம வீட்டுல இன்னொருத்தருக்கு அது வேண்டாம்."

"அதை எடுக்கறவன் பாவமில்லையா?"

"பாவந்தான். நல்லவேளை, நீ ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கே."

"ஆமாம்ப்பா," என்றவன் சட்டையை மாற்ற மறுபடி வெளியே போனான்.

குழிக்குள் இன்னும் பாதி அடைப்பு மிச்சமிருந்தது.