மூன்றாம் எண்

மழை இருட்டில் கணினித் திரைதான் அறைக்கு வெளிச்சம். தொண்டை அறுவைக்குப் பின் குரலிழந்த தம்பி, கழுத்தில் கட்டோடு அதன் முன் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குப் பதிலாகக் கணினி பேசட்டும் என்று, அதன் கட்டளைச் சாளரம் தொடக்கத்தில் படிக்கும் கோப்பில் அக்கா குறுக்குவழிகள் எழுதியிருக்கிறாள்: ஒன்றுக்குத் தண்ணீர், இரண்டுக்கு விளக்கு, மூன்றுக்கு வலி. அவன் மூன்றைத் தட்டுகிறான். அப்படியொரு கட்டளை இல்லை என்று திரையில் ஒரு வரி விழுகிறது. மறுபடி மூன்று. அதே வரி. "ஒன்னைத் தட்டிப் பாருடா. சந்தையே அதிர ஏலம் கூவினவன், ஒரு வாய் தண்ணி கேக்க மாட்டியா?" என்கிறாள் பக்கத்தில் நிற்கும் அக்கா. அவன் சிரிக்கவில்லை, மூன்றையே தட்டுகிறான். அக்கா கோப்பைத் திறந்து விரலால் வரி வரியாகத் தொட்டுப் படிக்கிறாள். எல்லாம் சரியாகவே இருக்கிறது. பிறகுதான் உறைக்கிறது. கட்டளைச் சாளரம் திறக்கும்போது ஒரே ஒரு முறைதான் அந்தக் கோப்பைப் படிக்கும். காலையிலிருந்து திறந்தே கிடக்கும் இந்தச் சாளரத்துக்கு, அவள் பிறகு எழுதிய எதுவும் தெரியாது. "அட, என் புத்தி எங்க போச்சு!" பழையதை மூடிப் புதிய சாளரம் திறக்கிறாள். "இப்போ எதை வேணா தட்டு." அவன் மூன்றைத் தட்டுகிறான். ஒலிபெருக்கியிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் குரல், 'வலிக்குது' என்கிறது. "பேசுதுடா!" அக்கா கைதட்டுகிறாள். வலிக்குது, என்கிறது குரல் மறுபடியும். மறுபடியும். "போதும்டா, அதான் சரியாயிடுச்சே" என்று சொல்லிக்கொண்டே அவள் திரையிலிருந்து திரும்பி, இன்று முதல்முறையாக அவன் முகத்தைப் பார்க்கிறாள்.