புதன்கிழமைக் கூட்டம்

"குடியை விட்டுட்டானாம்! ஆனா புதன்கிழமை நாலு மணி ஆச்சுன்னா 'கூட்டத்துக்குப் போறேன்'னு கிளம்பிடறான். எந்தக் கடையில கூட்டமோ! இன்னைக்குக் கையும் களவுமாப் பிடிச்சு, சீட்டைக் கிழிக்கிறேன்" என்றார் மேனேஜர், புதினா மிட்டாயை வாயில் போட்டபடி.

"பாவம் சார், டிரைவர் ஒரு வருஷமாத் தொடறதே இல்லை" என்றாள் டைப்பிஸ்ட்.

"உனக்குத் தெரியாதும்மா. இந்த ஜென்மங்க திருந்தவே திருந்தாது."

டிரைவரின் பின்னாலேயே போய், மாடியேறி, கதவைப் படாரென்று திறந்தார்.

வட்டமாக நாற்காலிகள். டிரைவருக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் முதலாளி!

"சார்... நீங்களுமா?"

"இந்தக் கூட்டத்துக்கு வந்து நான் குடியை விட்டுப் பதினோரு வருஷமாச்சு. உக்காருங்க, உங்களுக்கும் நாற்காலி போட்டிருக்கு. உங்க வீட்டம்மா போன மாசமே வந்து அழுதாங்க. முதல்ல அந்த மிட்டாயைத் துப்புங்க. இங்க யாரும் வாசனையை மறைக்கறதில்லை."