சீர்க் குடம்

"நசுங்கினது, பழசு ஏதாச்சும் கிடக்கா பாய்?"

கருத்தக்கண்ணன் இப்படிக் கேட்டதுதான் தாமதம், அவன் பெண்டாட்டி செல்லத்தாய்க்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்த மனுசன் பேசுறதக் கேட்டீகளா பாய்? வெள்ளிக்கிழமை சின்னவளுக்குக் கல்யாணம். சீருன்னு குடுக்கப்போறது இந்த ஒத்தக் குடம்தான். அதுவும் நசுங்கினதாம். சம்பந்தகாரி முன்னால எம்மக அதை எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எறக்கி வைப்பா?"

பாத்திரக் கடை அப்துல் வஹீது இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கீழமாசி வீதிக்குச் சீர் வாங்க வந்து சண்டை போடாத புருசன் பெண்டாட்டி கிடையாது. ஆனால் பெற்ற மகளுக்கே பழசு கேட்கிற தகப்பனை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"காசு பத்தலையாப்பா?"

"காசு இருக்கு பாய்."

"எட்டு வருசமாச் சேத்த காசு," என்று இடையில் புகுந்தாள் செல்லத்தாய். "ஒருவேளைக் கஞ்சியக் குறைச்சு, கோழி முட்டைய வாயில வைக்காம வித்துச் சேத்தது. இம்புட்டும் இருந்து என்ன? வீட்டுல மண்சட்டி, மண்பானை. ஒரு நல்ல சீலை எடுக்க விட்டாரா? எடுத்தாலும் கட்டத்தான் விட்டாரா?"

வஹீதுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தெருத்தெருவாக ஈயம் பூசி, சிறுகக் கட்டிப் பெருக வாழ்ந்து இந்தக் கடையைப் பிடித்தவர் அவர். கஞ்சர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது.

"இந்தா பாருப்பா, சிக்கனம் வேற, கருமித்தனம் வேற. நானும் வாயைக் கட்டி வயித்தைக் கட்டித்தான் மேல வந்தேன். எதுக்கு? நாலு காசு இருந்தா ஒருத்தனுக்கும் பயப்பட வேண்டாம்னுதான். பெத்த மகளுக்கு ஆகாத காசு உனக்கு எதுக்கு? மண்ணுல பொதைக்கவா?"

கருத்தக்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "புதுசு நமக்கு ஆகாது பாய்."

"ஆகாதாம்ல. எச்சிக்கையால காக்கா ஓட்டாத ஆளு நீ."

வஹீது விடவில்லை. இருந்ததிலேயே நல்ல பித்தளைக் குடமாக எடுத்துத் தராசில் வைத்தார். கால் ரூபாயைத் தள்ளிவிட்டு, குடத்தைச் செல்லத்தாயின் கையிலேயே கொடுத்தார்.

"கொண்டு போ தாயி. அந்தக் கால் ரூபா உம்மகளுக்கு நான் செஞ்சதா இருக்கட்டும். இந்த ஆளு பேச்சக் கேக்காத."

கருத்தக்கண்ணன் பேரம் பேசாமல் பணத்தை எண்ணி வைத்தான். செல்லத்தாய் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தடவை தடவிப் பார்த்தாள். இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் கடைக்குப் பக்கத்துச் சந்தில் 'டங்' என்று ஒரு சத்தம். வஹீது எட்டிப் பார்த்தார். கருத்தக்கண்ணன் கையில் ஒரு கருங்கல். புதுக் குடத்தின் வயிற்றில் ஒரு பள்ளம்.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தார் வஹீது. "சைத்தான் புடிச்சவனே, உனக்கு என்ன கேடு? அம்புட்டு வயித்தெரிச்சலா?"

அப்புறம்தான் செல்லத்தாயைக் கவனித்தார். குடம் உருண்டுவிடாமல் இரண்டு முழங்காலுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அடியில அடிச்சிராதய்யா, ஒழுகிரும். பக்கத்துல அடி," என்றாள் புருசனிடம்.

"நீயுமா தாயி?"

கருத்தக்கண்ணன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்ணில் இருந்த கோபத்துக்கு முன்னால் வஹீதின் கோபம் ஒன்றுமே இல்லை.

"எங்க சாதிக்கே திருடன்னு பேரெழுதி, ஆம்பள அம்புட்டுப் பேருகிட்டயும் ரேகை வாங்கி வச்சிருக்கு சர்க்காரு. வீட்டுல புதுசா ஒண்ணு மின்னுனா எங்க திருடுனேன்னு கேப்பாய்ங்க. மூத்தவ கல்யாணத்துக்கு இதே தெருவுல காசு குடுத்து வாங்குன குடத்துக்கு ஆறு மாசம் உள்ள இருந்தேன் பாய்."

வஹீதின் பிடி தளர்ந்தது. "ரசீது... நான் ரசீது எழுதித் தாரேன்ப்பா. அதைக் காட்டு."

கருத்தக்கண்ணன் மறுபடியும் கல்லை ஓங்கினான்.

"அன்னைக்கும் காட்டுனேன். குடத்தோட சேத்து ரசீதையும் திருடிட்டேன்னு எழுதிக்கிட்டாய்ங்க."