முதலில் சொன்னவர்

"'எல்லோரும் சொல்கிறார்கள்'னு எழுதியிருக்கியேம்மா, எல்லோரும்னா யாரு?"

மாலை வகுப்பு ஆசிரியர் அந்த வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டார். தெருக்கோடியில் இன்று தபால் நிலையமாக இருக்கும் கட்டடம் ஒரு காலத்தில் சிறைச்சாலையாக இருந்தது என்ற வரி அது. அவளுடைய ஆய்வுக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வரியின் மேல்தான் நின்றது.

"தெருவுல யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்றாங்க சார். நான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டும் இருக்கலாம்."

"முதல்ல சொன்னது யாருன்னு கண்டுபிடி. பேரும் தேதியும் அடிக்குறிப்புல வரணும். இல்லேன்னா கட்டுரை செல்லாது."

செல்லாவிட்டால் இன்னொரு வருடம் இதே பெஞ்சு. பகலில் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில், அவள் சீக்கிரம் கிளம்பும்போதெல்லாம் முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். இன்னொரு வருடம் என்றால் வேலையே போய்விடும்.

மற்றபடி கட்டுரையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஓரத்தில் விட வேண்டிய இடத்தை அளவுகோல் வைத்துப் பார்த்திருந்தாள். நூற்பட்டியலை அகர வரிசையில் அடுக்கிய பிறகு, அகர வரிசையே தனக்குச் சரியாகத் தெரியுமா என்று சந்தேகம் வந்து, அண்ணியிடம் ஒப்பித்துக் காட்டினாள். மனதில் எழும் சந்தேகத்தையெல்லாம் அண்ணியிடம் கொட்டிவிட்டு, கொட்டியதை மறந்துவிடுவது அவள் வழக்கம்.

மறுநாள் காலையிலேயே பேனாவும் கையுமாகக் கிளம்பினாள். தபால் நிலைய குமாஸ்தா, தான் உட்கார்ந்திருப்பதே கைதிகளின் அறையில்தான் என்று பெருமையாகச் சொன்னார். அவருக்குச் சொன்னவர் எதிர் வரிசை முடிதிருத்துபவராம்.

முடிதிருத்துபவர் கத்தரிக்கோலை நிறுத்தவில்லை. "ஜெயிலுதாங்க, சந்தேகமே வேணாம். தையல்கார அக்கா சொன்னாங்க. தூக்குமேடை மட்டும் நான் சேர்த்தது." தன் பேரும் அச்சில் வருமா என்று வேறு கேட்டுக்கொண்டார்.

தையல்கார அக்காவுக்கு அவள் கேட்டதே வேடிக்கையாக இருந்தது. துணி கொடுக்க வந்தபோது சொன்னதே உங்கள் வீட்டு அண்ணிதானே, தெரியாத மாதிரி கேட்கிறாயே என்றாள்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆதாரத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டா இப்படித் தெருத்தெருவாக அலைந்தோம்? ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள்.

அண்ணி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, தபால் ஆபீஸ் முன்னாடி ஜெயிலா இருந்துச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னது? பேரு வேணும். தேதியும் வேணும்."

"தேதியெல்லாம் ஞாபகம் இல்ல. ஆளு ஞாபகம் இருக்கு."

அவள் பேனா மூடியைத் திறந்து தயாரானாள்.

அண்ணி ஒரு சட்டையை நிதானமாக நீவி மடித்து வைத்தாள். "கட்டுரைக்கு என்னத்தை எழுதறதுன்னு இந்த ஜன்னல்கிட்ட நின்னு முழிச்சிட்டிருந்தியே, ஞாபகம் இல்லையா? அந்தத் தபால் ஆபீஸ் ஜன்னல் கம்பியைப் பார்த்துட்டு, 'முன்னாடி ஜெயிலா இருந்திருக்குமோ அண்ணி'ன்னு கேட்டது நீதானே?"