ஓவியத்தின் சொந்தக்காரர்கள்

சிட்னி ஓவியக்கூடம் ஒன்றில், ஒவ்வொரு ஓவியமும் யார் யாரிடம் இருந்தது என்று பட்டியல் எழுதுவது புனிதாவின் வேலை. பழைய ஒல்லாந்து வயல்வெளி ஓவியத்தின் முன்னால் அரைமணி நேரமாக நின்ற, கூடம் பார்க்க வந்த முதியவர் அருளம்பலம், அவள் தமிழ்ப்பிள்ளை என்று கண்டதும் வாயைத் திறந்தார்.

“இது அஞ்சு வருசம் என்னோட இருந்தது, பிள்ளை.”

அவள் பதறிப்போய்ப் பட்டியலைப் புரட்டினாள். ஆம்ஸ்டர்டாம் வியாபாரி, லண்டன் சீமாட்டி, மெல்பேர்ண் டாக்டர் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள், அவரைக் காணோம்.

“எப்ப வாங்கினீங்கள், அங்கிள்?”

அவர் ஒரு வரியில் விரலை வைத்தார். ‘1971–76: கிடங்கில். எவரும் பார்க்கவில்லை.’

“அந்தக் கிடங்குக்கு நான்தான் காவல். இதுக்கு முன்னால கதிரையைப் போட்டுத்தான் ஒவ்வொரு நாளும் சாப்பிடுறனான்.”

புனிதா பேனாவை எடுத்தாள். “பிழையாப் போட்டிட்டம். வெட்டிவிடட்டே?”

“இருக்கட்டும், பிள்ளை. அந்த அஞ்சு வருசம் என்னையும்தான் ஒருத்தரும் பார்க்கேல்லை.”