போதைக் காளான் வழக்கு

"சார், இது புத்துக் காளான் சார். இவ மாசமா இருக்கா, ஆசையா கேட்டானு ஆரம்பாக்கம் வயல்ல பறிச்சாந்தோம்."

"போதைக் காளானா இல்லியானு டிஎன்ஏ சொல்லும். ஏறுடா ஜீப்புல!"

சோதனைச் சாவடியில் ஸ்டீபன் கைதாகி நாற்பது நாள் ஆகியும், அன்று பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி ஜெபாவுக்கு அந்தப் பேச்சு மறக்கவில்லை. இதற்குள் அவனுடைய கம்பெனி வேலையும் போய்விட்டது.

இன்றுதான் அவனை விட்டார்கள். பைக்கை வாங்க இருவரும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள்.

எஸ்.ஐ. சந்திரமோகன் ஆய்வக அறிக்கையைப் புரட்டினார். "டிஎன்ஏ பாத்துட்டாங்க. போதையெல்லாம் இல்ல. கடையில விக்கிற பட்டன் காளானாம்."

"இன்னா சார் சொல்றீங்க? நாங்க கடையில வாங்கவே இல்லியே! நீங்க புடுங்கினது கூடை நெறைய புத்துக் காளானாச்சே!" என்றாள் ஜெபா.

அங்கிருந்த ஏட்டுகள் இருவரும் சட்டென்று மின்விசிறியைப் பார்த்தார்கள்.

சாவியைக் கொடுத்த எஸ்.ஐ., வாசல் வரை கூடவே வந்து தலையைச் சொறிந்தார்.

"நாப்பது நாளா கேக்கணும்னு இருந்தேம்மா. அன்னிக்கு வெச்ச கொழம்புல, ஸ்டேஷன் பூரா பங்கு போட்டு ஆளுக்கு நாலு துண்டுதான் வந்துச்சு. இன்னொரு கூடை பறிச்சாந்து தர்றீங்களா?"