சிவப்புக் கைப்பிடி

உறைந்த ஏரியின் மேல் காற்று சீறுகிறது. இங்வில் பெரிய காத்தாடியை இரு கைகளாலும் பிடித்து நிற்கிறாள். நீண்ட கயிறுகளின் மறுமுனையில், பனிச்சறுக்குப் பலகை மேல், தம்பி ஸ்டைனார்; காத்தாடி எழும்பினால் அவனைப் பனியின் மேல் இழுத்துக்கொண்டு ஓடும். அவனுக்குப் பின்னால் வெகு தூரத்தில் கரும்பாறைகள். ஆபத்தில் காத்தாடியைக் கழற்றிவிடும் சிவப்புக் கைப்பிடி அவன் இடுப்பில் இருக்கிறது. காத்தாடியைப் பறக்கவிடும் முன் அதை ஒருமுறை இழுத்துக் காட்டவேண்டும், அவன் காட்டவில்லை. சட்டையைக் கீழே இழுத்துவிடுகிறான். “இழுத்துக் காட்டுடா!” என்று கத்துகிறாள். “காலைலயே பாத்தாச்சுக்கா. விடு, காத்து போயிடும்!” “காத்து எங்கயும் போகாது. சட்டையத் தூக்கு.” அவன் சிரித்துக்கொண்டே கட்டைவிரலை உயர்த்துகிறான். காற்றே சட்டையைத் தூக்குகிறது. சிவப்பு தெரியவேண்டிய இடத்தில், சுற்றிச் சுற்றி ஒட்டிய கறுப்பு டேப். “நேத்து ரெண்டு தடவ காத்தாடி தானா கழண்டுச்சுக்கா, அதான் ஒட்டிட்டேன்...” இங்வில் காத்தாடியைக் குப்புறக் கிடத்தி, காற்று தூக்காதபடி அதன் மேல் பனியை அள்ளி அள்ளிக் கொட்டுகிறாள். அப்போதும் அவன் கை சட்டையை இழுத்து மூடிக்கொண்டிருக்கிறது.